மறைக்கிற கணக்கு

கந்தளாய் லொறியில் வந்தது.
நாலு கிலோ இருநூறு.
பிளந்து தரவா என்றான் சந்தைக்காரன்.
வேண்டாம் என்றேன்.
உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ முக்க
மடியில் வைத்திருந்தேன்,
யார் வீட்டுப் பிள்ளையையோ போல.

கத்தி பாதியில் சிக்கியது.
குழவியால் அதன் முதுகில் ஒரு தட்டு.
குசினி முழுக்க
வெட்டின பச்சை வாசம்.

விதையும் நாரும் வழித்து
வெட்டுமுகம் கவிழ்த்துப் போறணைக்குள் தள்ளினேன்.
தோல் சுருங்கிக் கழன்றது.
அரைத்தால் வெறும் தண்ணி.
இந்தத் தண்ணியோடு கேக் எழும்பாது;
முதல் இரண்டும்
பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் போயின.

இம்முறை விழுதை
அவருடைய பழைய வேட்டியில் கட்டி
குழாயில் தொங்கவிட்டேன்.
துறைமுகத்தில் கப்பல் ஊதிய பிறகும்
சொட்டு,
நான் புரண்டு படுத்த பிறகும்
சொட்டு.
விடிய அவிழ்த்தால்
கரண்டியை நட்டால் நிற்கிற இறுக்கம்.

பூசணி என்றாலே தட்டைத் தள்ளுகிற செபநேசன்
மூன்றாம் துண்டைக் கடிக்கிறார்.
"என்ன போட்டனீர், கரட்டா?"
"ம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில்தான்
மறைக்க ஏலாது.

கழுத்துப் பக்கம்
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு
நாலாம் துண்டை வெட்டுகிறேன்.
போறணை வாங்கிய காசைப் பற்றி
அவர் இன்னும் கேட்கவில்லை.

துகளை விரலால் ஒற்றியபடி
நிமிராமல் சொல்கிறார்:
"அடகுச் சீட்டை
மா டின்னுக்குள்ள வைக்காதையும்.
வண்டு அரிச்சிடும்."