மூணுக்கும் நாலுக்கும் நடுவில்

ஷூவுக்குள் கல் என்றுதான் நினைத்தேன்.
காளவாசல் சிக்னலில் கழற்றி உதறினேன்,
எதுவும் விழவில்லை.
அச்சம்பத்தில் மறுபடி உதறினேன்.
ரெண்டு வருஷமாக உதறிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் ஜெசிந்தா
பாதத்தை ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினார்.
உள்ளே ஏதோ டக்கென்று நகர்ந்தது.
"மூணாவது விரலுக்கும் நாலாவதுக்கும் நடுவுல
நரம்பு தடிச்சிருக்கு" என்றார்.
பெரியார் நிலையத்திலிருந்து செக்கானூரணி வரை
ஸ்டேஜ் ஸ்டேஜாக எண்ணிப் பழகியவன் நான்.
மூணுக்கும் நாலுக்கும் நடுவில்
எங்கள் வண்டி நிற்காது.

ஒரு கையில் டிக்கெட் மெஷின்,
ஒரு கையில் சில்லறை,
விரலிடுக்கில் மடித்த நோட்டு.
மொக்கைச்சாமி பிரேக் போடும்போது
கண்டக்டர் எதைப் பிடிப்பான்?
குதிகாலை லேசாகத் தூக்கி
விரல்களின் வேரால் தரைத் தகட்டைக் கவ்விக்கொள்வான்.
இருபத்திரண்டு வருஷம்
அப்படித்தான் விழாமல் நின்றேன்.
அந்த இடத்தில்தான் இப்போது
தீக்குச்சி உரசுகிறது.

வைத்தியம் சொல்லாத பயணி இல்லை.
வாழையிலைக் கட்டுக்காரர் வெந்நீரில் கல்லுப்பு என்றார்.
கருமாத்தூர் டீச்சர் "சுகர் பாத்தீங்களா?" என்றார்.
பார்த்தேன். இல்லை.
அது இல்லாததில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்.
உசிலம்பட்டி எண்ணெய் தடவிய வாரம்
பின் சீட்டுக்காரர்கள் எல்லாம் ஜன்னலைத் திறந்தார்கள்.

தொள்ளாயிரம் ரூபாய்க்குச் சிலிக்கான் திண்டு.
வலிக்கிற இடத்திலேயே வைத்து
ஒரு மாசம் நடந்தேன், இன்னும் வலித்தது.
வைக்க வேண்டியது
வலிக்குக் கொஞ்சம் பின்னால் என்று
பிறகுதான் சொன்னார்கள்.

ஆடியில் போட்ட ஊசி
கார்த்திகை வரை தாங்கியது.
அந்த நாலு மாசத்தில் ஒருநாள்
திருப்பரங்குன்றத்து மலையை முழுசாகச் சுற்றினேன்.
வேண்டுதல் எதுவும் இல்லை,
காலை ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"இன்னொரு ஊசி போடலாம். அதுக்கு மேல யோசிக்கணும்.
நரம்பை எடுத்துட்டா வலி போகலாம்.
ரெண்டு விரலும் ஒண்ணையொண்ணு பாக்குற பக்கம்
மரத்துப்போகும்.
சில பேருக்கு வெட்டின நுனியில திரும்ப வரும்."
டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை.
ஒளித்திருந்தால் முடிவெடுப்பது சுலபம்.

பாண்டிமீனா காலண்டர் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டாள்.
ஆறு வாரம் லீவு, பேட்டா கிடையாது,
மகனின் காலேஜ் ஃபீஸ் ஜூனில்.
கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.
"மரத்தா மரக்கட்டும்.
ராத்திரி நீங்க காலை ஆட்டி ஆட்டி
கட்டிலே பஸ்ஸு மாதிரி போகுது."

டிப்போவில் உட்கார்ந்த வேலைக்கு மனு கொடுத்தேன்.
எனக்கு முன்னால் மூணு பேர்,
ஒருவருக்கு இடுப்பே இல்லை என்கிறார்கள்.

நேற்றுக் கடைசி டிரிப்.
நாகமலைப் புதுக்கோட்டையில் எல்லாரும் இறங்கியாச்சு.
ஷூவைக் கழற்றி நடுவில் நின்றேன்.
அந்த ரெண்டு விரலையும் மடக்க முடியாமல் மடக்கி,
இல்லை என்று வைத்துக்கொண்டு,
மிச்சக் காலால் வண்டியைப் பிடித்துப் பார்த்தேன்.
வேகத்தடை வந்தது.
கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்தது.
சில்லென்று இருந்தது.
காலையிலிருந்து எத்தனை பேர் பிடித்தும்
இரவில் இவ்வளவு குளிர்ச்சியா அது.

கண்ணாடியில் மொக்கைச்சாமி பார்த்தான்.
"என்னண்ணே, ஆடுறீங்க?"

"சித்திரைத் திருவிழா ஸ்பெஷல் முடியட்டும்" என்றேன்.
எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை.
எனக்கும் சரியாகத் தெரியவில்லை,
ஊசியா, கத்தியா.

விசில் கொடுத்தேன்.
ஸ்டேஜ் இல்லாத இடம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் இருட்டு.
அவன் நிறுத்தினான்.
படியில் உட்கார்ந்து
ஷூவை ஒருமுறை கவிழ்த்து உதறினேன்.

"கல்லா?"

"ஆமா" என்றேன்.