மறுகால் போகும் வழி

கொத்தனார் அருளப்பன் குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.
'இது பெரியகுளத்து மறுகால் போற வழி.
இங்க மண்டபம் வேண்டாம் அண்ணாச்சி.
ரோட்டுக்கு மேக்க தள்ளிக் கட்டுவோம்.'

தளவாய் அண்ணாச்சி எங்களைப் பார்த்தார்.

நாங்கள் என்றால்
களக்காட்டு வாழைக்காய் மண்டியில்
தினமும் அவர் காசில் டீ குடிக்கிற நாலு பேர்.
நான்தான் முதலில் சிரித்தேன்.
'மறுகால் பாய்ஞ்சு பன்னெண்டு வருசம் ஆச்சுவே.
அண்ணாச்சி நிக்க இடத்துல
தண்ணி வழி கேட்டுட்டுத்தான் போவும்.'

அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.
அவருக்கும்.
அன்று ராத்திரி எனக்கு மட்டும்
புரோட்டாவோடு ஒரு ஆம்லெட்டும் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசர்.
நாங்குநேரி சப்-ரிஜிஸ்தர் கதையை
நூறு தடவை சொல்லியிருப்பார்,
நூறு தடவையும் தொடையைத் தட்டிச் சிரித்திருக்கிறோம்.
ஏத்தங்காய் லோடு ஆலப்புழை போய்
கருத்துத் திரும்பி வந்தபோது
டிரைவரைத்தான் ஏசினோம்.
அவர் விலை கூடட்டும் என்று
மூன்று நாள் போட்டுவைத்த காய் அது.

சண்பகவடிவு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.
எங்கள் நாலு பேருக்கும்
சீனி போடாமல் காப்பி தந்தாள்.
'அருமை அக்கா' என்று குடித்தோம்.
டம்ளரை வாங்கிக்கொண்டு
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
அடுத்த வாரம் அவளுடைய காசுமாலை
பாங்கு லாக்கருக்குப் போனது,
அடகாக.

கார்த்திகையில் முதல் முகூர்த்தம்.
இரண்டாம் பந்தி உட்கார்ந்திருக்கிறது.
தண்ணீர் யாரிடமும் வழி கேட்கவில்லை.
அடுக்களை வழியாக வந்தது,
அவியல் சட்டியை மெள்ளத் தூக்கி
பந்திக்கு நடுவே கொண்டுவந்து விட்டது.
இலைகள் மிதந்தன, அப்பளத்தோடு.
மாப்பிள்ளையின் தாய்மாமன் நாற்காலிமேல் ஏறி நின்று
அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்.

எங்களில் மூன்று பேரைக் காணோம்.

கீழ்ப்பக்கத்துச் சுவரில் கடப்பாரைச் சத்தம்.
அருளப்பன்.
கூப்பிடாமலே வந்திருந்தார்,
சட்டையைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தார்.
ஓட்டை விழுந்ததும்
தண்ணீர் அந்தப் பக்கமாய் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது,
வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி.

அண்ணாச்சி முழங்கால் தண்ணீரில் நின்றபடி
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ஏதாவது சொல்லுவேன் என்று.

வாயை மூடியிருக்கலாம்.
'கங்கையே கால் கழுவ வந்திருக்கு அண்ணாச்சி'
என்றேன்.

அந்த நிலைமையிலும்
அவர் மீசை ஓரம்
லேசாக அசைந்தது.