ஒண்ணேகால் மீட்டர்

சென்ட்ரலில் அடுத்த ரயிலுக்கு
ஐந்து மணி நேரம்.
பெட்டியை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு
கோடவுன் தெருவில் நுழைந்தேன்,
பர்ஸில் ஒற்றைப் பொத்தானோடு.

"இதுக்கு ஜோடியா? சட்டையையே மாத்திருங்க"
என்றார் முதல் கடைக்காரர்.
மற்றவர்கள் பொத்தானைப் பார்க்கக்கூட இல்லை.

பேல் ஏற்றிய மீன்பாடி வண்டிக்கு
சுவரோடு ஒட்டி வழிவிட்டபோதுதான் தெரிந்தது
மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை.
ஃபஸீலா உதறினாள்:
மழைக்கு முந்தின கடல் நிறம்.
ஒண்ணேகால் மீட்டர்தான் மிச்சம்.
"கை வராதுக்கா."
கை வேண்டாம்.

மேல் பர்த்தில் குனிந்தபடி விரித்து
மனசுக்குள் வெட்டினேன்,
அக்குள் வளைவு, கழுத்து,
மடிப்புக்கு ஒரு விரல்.
வில்லிவாக்கம் தாண்டுவதற்குள்
தைத்தும் முடித்துவிட்டேன்.

பின்கழுத்தில் ஒரு சின்னத் திறப்பு.
அதற்கு
ஒரே பொத்தான் போதும்.