இரண்டு நொடி முனகல்

காலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை.
சாவியைத் திருப்பினால்
பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி முனகும்,
பெட்ரோல் பம்ப் கண்விழிக்கிற சத்தம்,
பிறகு எஞ்சின்.
மதியம்தான் வேலையைக் காட்டும்.

மெஹிகாலியில் ஜூலை மாதம்.
எல்லைக் கதவை நோக்கி ஊரும் கார்கள்.
நாற்பத்தேழு என்கிறது மருந்துக்கடைப் பலகை,
அது நிழலில் நிற்கிறது.
பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாமென்று
ஒரே ஒரு முறை அணைத்தேன்.
அவ்வளவுதான்.
ஸ்டார்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது,
முனகல் மட்டும் இல்லை.
பின்னால் ஹாரன்கள்.
எலுமிச்சைச் சாறு விற்கிற பையனும்
பிளாஸ்டர் பொம்மை விற்கிறவரும்
சரக்கை இறக்கி வைத்துவிட்டு
ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தார்கள்.
கலெக்ஸிகோ சலவைக்கூடத்தில்
அன்றைக்கும் அரைநாள் சம்பளம் போனது.

எவாரிஸ்தோ பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள்.
இன்னொருவர் ஃப்யூஸ் பெட்டியைக் குடைந்துவிட்டு
"ஒன்றுமே இல்லையே, செஞோரா" என்றார்.
இல்லைதான்.
அவர் பார்த்தது வெயில் தாழ்ந்த பிறகு.
டாக்டர் வீட்டுப் படி ஏறியதும்
பல்வலி காணாமல் போகிற மாதிரி.
பார்த்த கூலி இருநூறு பெசோ.

உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்பான் ரமீரோ,
காரை என்னிடம் விட்டுவிட்டு
தான் மட்டும் போனவன்.
மூன்று கோடை, பாதி நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுச் சந்தையில் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன்,
மஞ்சள் நிறம், மூடியில்லாதது.
பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
எர்த் கம்பியின் முனையில் பச்சை பூத்திருந்தது,
சுரண்டினேன்.
குற்றவாளி அது இல்லை,
சுரண்டியது வீணும் இல்லை.
பகலில் தொட்ட இடமெல்லாம் சுட்டது.
பெல்ட் கொக்கி போட்ட சூடு
இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.
ஸ்டீரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்து
தீப்பெட்டி அளவு ரிலேயை
வயரோடு கீழே தொங்கவிட்டேன்.
தட்டினேன். குலுக்கினேன்.
வாய் திறக்கவில்லை.

கோளாறைப் பிடிக்க
முதலில் அது வரவேண்டும்.
விடியற்காலை ஐந்தரை,
கார் பசுமாதிரி நிற்கிறது.
பக்கத்து அழகுநிலையத்துக் கதவைத் தட்டி
முடி உலர்த்தும் மெஷின் கேட்டேன்.
"இந்நேரத்தில் யாருக்குக் கல்யாணம்?"
என்றபடி ஓர்த்தென்சியா
நீள வயரை இழுத்துக்கொண்டு தானே வந்தாள்.
ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்,
கிட்டே போனால் கருகிவிடுமாம்.
நான் சாவி.
முனகல்.
முனகல்.
முனகல்.
நாலாவது நிமிஷம்
இல்லை.

கத்தினோம்.
கார் கெட்டதற்கு இப்படிக் கொண்டாடியவர்கள்
அந்தத் தெருவில் வேறு யாரும் இருக்க முடியாது.
மாடி ஜன்னலைத் திறந்து
டோன் அனஸ்தாசியோ திட்டியதைக்கூட
வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டோம்.

நகம் பூசுகிற மேஜையில், லென்ஸ் வைத்த விளக்கின் கீழ்
டப்பாவைப் பிரித்தோம்.
வரிசையாய் ஈயப் பொட்டுகள்.
ஒன்றைச் சுற்றி மட்டும்
ஒரு வட்டம்,
அவள் சீப்பில் மாட்டியிருந்த முடியைவிட மெல்லியது.
குளிரில் ஒட்டிக்கொள்ளும்,
சூட்டில் விலகும்.
இவ்வளவுதான்.
ரமீரோ, இவ்வளவுதான்.
பற்றுக்கோலை வைத்தேன்.
புது ஈயம் ஒரு துளி, கண்சிமிட்டி இறுகியது.

மதியம், நிழலே இல்லாத ஒரு மைதானம்.
வேண்டுமென்றே அணைத்தேன்.
கண்ணாடிகளை ஏற்றியபடி
அரைமணி காத்திருந்தோம்.
அவள் முகச்சாயம் கழுத்துக்கு இறங்கிவிட்டது.
"பேசாதே" என்று கையைக் காட்டினாள்.
நான் பேசவே இல்லை.
சாவி.
பின்சீட்டுக்கு அடியில்
ஒன்று,
இரண்டு.

மூச்சுவிட வேண்டுமென்று ஓர்த்தென்சியா
தன் பக்கக் கண்ணாடியின் பொத்தானை அழுத்தினாள்.
அசையவில்லை.
மறுபடி அழுத்தினாள்.
"அது காலையிலும் அப்படித்தான்,
டிசம்பரிலும் அப்படித்தான்" என்றேன்.
அதற்கு அவசரமில்லை.
எப்போதும் கெட்டிருப்பது
எங்கேயும் ஓடி ஒளியாது.