நாலடிக்கு ஓர் அங்குலம் குறைய

இரண்டு நாளாக ஆட்டோ கத்திக்கொண்டு போகிறது:
உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருப்போர்
வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும்.
வழக்கு கிடையாது. பெயர் கேட்கமாட்டோம்.
கருவைக்காட்டில் பன்றி சுடுகிறவர்கள்
உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தார்கள்.
சாயல்குடி மண்டபத்தில் நீள மேசை,
மேலே பேனர்: துப்பாக்கி இல்லாத கடற்கரை.

நானும் போனேன்.
கையில் நாடாவும் அளவு நோட்டும்.

பெயர் கேட்கமாட்டோம் என்றவர்
பார்த்ததும் கேட்டார்:
எந்தத் தெரு?

அன்றைக்கும் இதே கேள்விதான்.
பங்குனி. பதினேழு நாளாகக் குழாயில் காற்று.
மேலத்தெருவும் வந்திருந்தது, நாங்களும் வந்திருந்தோம்.
கிழக்குக் கடற்கரைச் சாலையில்
காலிக்குடங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன;
குடத்துக்குத் தெரு தெரியாது.
எந்தத் தெரு, எந்தத் தெரு என்று கேட்டுக்கேட்டு
அவர்களை வேனில் ஏற்றிப்போய்
டீயும் பன்னும் கொடுத்து அனுப்பினார்கள்.
எங்களை அங்கேயே நிறுத்தினார்கள்.

முதலில் லாரி டயர் என்றுதான் நினைத்தேன்.
பச்சைக் குடம் ஒன்று தானாகத் துள்ளியது.

வானத்தை நோக்கித்தான் சுட்டோம்
என்று எழுதியிருக்கிறார்கள்.
ஆறு ரவுண்டு. ஆறும் வானத்துக்கு.
நான் படிக்காதவள் இல்லை, எட்டாவது.
ஆனாலும் வானம் எனக்குப் பாடமில்லை,
உயரம்தான் பாடம்.
மறுவாரம் பம்பு ரூம் சுவரில் நாடாவைப் பிடித்தேன்,
தரையிலிருந்து ஓட்டை வரைக்கும்:
நாலடிக்கு ஓர் அங்குலம் குறைய.

எங்கள் தெருவில்
வானம் அங்கே தொடங்குகிறது.

நோட்டைப் பிரித்தேன். பக்கம் முப்பத்தொன்று.
வில்வதுரை, மகன் ஞானமுத்து.
தோள் பதினேழு. மார்பு முப்பத்தி நாலு.
"லூசா வைங்கக்கா, அடுத்த வருசமும் போடணும்ல."
ஒரு பை போதும் என்றான், இடது பக்கம்.
அவன் நிமிர்ந்து நின்றால்
அந்தப் பையின் வாய் தரையிலிருந்து நாலடி.
இப்போது என் தையல் அரக்கு முத்திரைக்குள் இருக்கிறது,
சான்றுப் பொருள் எண் நான்கு.
பாக்கி எண்பது ரூபாய். அதை நான் அடிக்கவில்லை.

"அம்மா, இது அதுக்கான இடமில்ல.
இங்க உரிமம் இல்லாததை மட்டும்தான் எழுதுறோம்."

இருங்க சார், இன்னொரு பக்கம் இருக்கு.
பஜார் கடைக்குப் பீஸ் ரேட்டில் தைக்கிறேன்,
காக்கியும் வரும். ஆல்ட்டர் பண்ண வரும்.
பக்கம் நாற்பது. இடுப்பு இரண்டு அங்குலம் பிரித்துவிட்டது.
வலது தோளில் துணி இற்றுப்போய்
உள்ளே பட்டை வைத்துத் தைத்தது,
கட்டை பதிகிற இடம்.
பெயர் கேட்கமாட்டோம் என்றீர்கள்.
நானும் சொல்லவில்லை. அளவு மட்டும்.
இந்தத் தோளுக்கும் அந்தப் பைக்கும் நடுவில்
ஒரு துப்பாக்கி இருக்கிறது.
அதற்கு நம்பர் உண்டு, எண்ணெய் போட ஆள் உண்டு,
ராத்திரி பூட்டிவைக்க அறை உண்டு.
அதையும் இந்த மேசையில் வையுங்கள்.
குடத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம்
இனி அது வராது என்று எழுதுங்கள்.

மின்விசிறி சுற்றியது.
எழுதுகிற பையன் பேனாவைத் தூக்கினான்,
அதிகாரியைப் பார்த்தான், மூடியைப் போட்டான்.
மறுபடி திறந்தான்.
என்ன எழுதினான் என்று தெரியாது, 
கையால் மறைத்துக்கொண்டான்.

சுட்டதற்கு மறுநாளே தண்ணீர் விட்டார்கள்.
ஒருத்தரும் குடம் வைக்கவில்லை.
மூன்று மணி நேரம் தார்ச்சாலையில் ஓடி
உப்பளம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

போன திங்கள் பம்பு ரூமைப் பூசி
வெள்ளையடித்துவிட்டார்கள்.
நல்ல பூச்சு, கையால் தடவினால் வழுக்குகிறது.
என் தையல் சாக்கட்டி நீல நிறம்.
வாரம் ஒருதரம் போய்
தரையிலிருந்து அளந்து
அதே இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வருகிறேன்.