இடது பக்கத்து ஆசனம்

கூட்டம் பத்து மணிக்கு என்று போட்டிருந்தது.
பத்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது,
அதற்குப் பிறகு அதிகாரி வந்தார்.
எழுதிக்கொள் என்றார். எழுதினேன்.

பொருள்: வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிகளை
ரங்கூன் சாலைகளில் இனி என்ன செய்வது.

இங்கே சாலையில் வலப்பக்கம் போகவேண்டும்.
ஓட்டுகிறவரும் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.
ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்துக்
கப்பலேற்றி அனுப்பியவை எல்லாம்.
பழைய பஸ்களில் கதவு
நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும்.
நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு டிசம்பரில்
நாடே ஒரே நாளில் பக்கம் மாறியதாம்.
வண்டிகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கார் இறக்கி விற்கும் ஊ தான் ஸின் எழுந்தார்.
ஒரு வருஷம் பொறுங்கள்,
யார்டில் நாற்பது வண்டி நிற்கிறது என்றார்.
எலும்பு டாக்டர் டோ ஏ தி உட்கார்ந்தபடியே,
என் வார்டிலும் நாற்பது படுக்கைதான் என்றார்.
இரண்டு நாற்பதையும்
தனித்தனிப் பத்தியில் எழுதினேன், விதி அப்படி.

டாக்சிக்காரர்கள் சார்பில் கோ பௌ சி:
இடது ஸ்டியரிங் வண்டி ஒன்றரை மடங்கு விலை.
அந்த அரை மடங்கை யார் தருவது?
யாரும் தரவில்லை. ஒரு வரி விட்டு மேலே போனேன்.

சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன்,
சைக்கிள் மிதித்து முழங்கால் போச்சு,
மோட்டார் சைக்கிளை எப்போது விடுவீர்கள் என்றான்.
அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் அதிகாரி.
அவன் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு
அப்படியானால் நான் எதில் இருக்கிறேன் என்றான்.
சிரித்தார்கள். சிரிப்பை எழுதுவதில்லை.

கடைசியாகத் திங்கங்ஜூன் மீன்காரி.
பெயர் கேட்டேன், காதில் விழவில்லை.
இடதுகதவு பஸ்ஸில் இறங்கினேன்,
பின்னால் வந்தவன் நிற்கவில்லை என்று
செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி
நாற்காலி மேல் வைத்தாள்.
அறையில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
“பயணி ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.”
என் கையெழுத்து அழகு என்று எப்போதும் சொல்வார்கள்.

துணைக்குழு அமைப்பதென்று முடிவு.
தேநீர். கேக் துண்டு, ஆளுக்கு ஒன்று.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
பதிவேட்டில் மா தந்தா, வீட்டில் பவளம்,
இருவரையும் கேட்கவில்லை.

வெளியே மழை. டாக்சி ஒன்று கிடைத்தது.
பின் சீட்டில் அரிசி மூட்டை,
அதனால் முன்னால், இடது பக்கம்.
தாம்வே போகும் வழியில் எதிரே ஒரு பஸ்
முதுகைக் காட்டிக்கொண்டு, நகராமல்.
ஓட்டுநர் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.
அவனுக்குப் பஸ்ஸின் விளம்பரம்தான் தெரியும்,
சாலை எனக்குத்தான் தெரியும்.

அக்கா, வருதா?

கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன்.
மூங்கில் லாரி. வருது என்றேன்.
இப்போ?
ஒரு வேன். வருது.
இப்போ?

சாலை காலியாக இருந்தது.
அந்த விளக்குக்கம்பம் வரைக்கும் காலி,
ஈரத் தார் பளபளத்தது, நாய்கூட இல்லை.
வருது என்றேன்.

அவன் ஸ்டியரிங்கை இரண்டு தட்டு தட்டினான்.
தாம்வே வரை பஸ் புகையைக் குடித்துக்கொண்டு போனோம்.
இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே
சில்லறை இல்லை என்றான். இருந்தது, பார்த்தேன்.

இரவு சுத்தப் பிரதி எடுத்தேன்.
“கருத்துத் தெரிவித்தார்” என்பதற்குக் கீழே
ஒரு வரி கூடிவிட்டது:
அவர் காலில் மூன்று விரல்கள் இல்லை.

எந்தக் கால் என்று கேட்பார்கள்.
சிவப்பு மைக்காரர் கட்டாயம் கேட்பார்.

இடது,
என்று எழுதி
மை காயட்டும் என்று ஊதினேன்.