வடக்குச் சுவர் சென்சார்

சோழிங்கநல்லூரில் ஏழாம் மாடி.
ஏசி பத்தொன்பதில் நிற்கிறது,
எங்களுக்காக அல்ல, சர்வர்களுக்காக.
சால்வைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு
பின்லாந்தில் ஊலு என்ற ஊருக்கு
நான் வெந்நீர் அனுப்புகிறேன்.

பனியைப் பார்த்ததில்லை.
ஃப்ரீசரைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.
ஆனாலும் அங்கே பதினாறு கட்டடங்கள்
என் திரையில் மூச்சு விடுகின்றன.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு:
வெளியே பூஜ்யம் என்றால் குழாயில் நாற்பத்திரண்டு,
மைனஸ் இருபது என்றால் ஐம்பத்தெட்டு.
வெளியே இறங்க இறங்க உள்ளே ஏற வேண்டும்.
வீட்டில் இருப்பவருக்கு எதுவும் தெரியக் கூடாது.
தெரியாமல் வைத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

சேர்ந்த புதிதில் யார் நடுங்கினாலும்
கோட்டை அப்படியே மேலே தூக்கிவிடுவேன்.
என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பெனடிக்டா
தலையில் அடித்துக்கொள்வாள்.
"எப்பவுமே குளுருதுன்னா தூக்கு.
கடுங்குளுர்ல மட்டும்னா சாய்வைக் கூட்டு.
அப்புறம் மூணு நாள் கையக் கட்டிட்டு உக்காரு.
கான்கிரீட்டுக்கு அவசரம் தெரியாது."
சொல்கிறவள்
லிஃப்ட் பட்டனை நான்கு முறை அழுத்துகிறவள்.

பதினோராம் கட்டடம் மட்டும் அடங்கவில்லை.
தை பிறந்து இரண்டு வாரம்,
அங்கே மைனஸ் இருபத்து மூன்று.
மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புகார், ஐந்திலிருந்து இரண்டு:
விடியற்காலையில் ரேடியேட்டர் செத்துக் கிடக்கிறது.
சாய்வு ஒன்று புள்ளி இரண்டு;
ஒன்று புள்ளி நான்கு ஆக்கினேன்.
மூன்று நாள் காத்திருந்தேன்.
அதே புகார், கொஞ்சம் கோபமாக.

பழைய பதிவுகளை விரித்தேன்.
நமக்கு ஐந்தரை, அவர்களுக்கு இரவு இரண்டு.
நான் பையை மூடுகிற நேரம்.
அப்போதுதான் தினமும் வெளிக்குளிர்
திடுக்கென்று மைனஸ் ஆறு ஆகியிருக்கிறது.
இரண்டு மணி நேரம் வசந்தம்.
வால்வு அதை நம்பி நீரை ஆறவிட்டிருக்கிறது.

வெயிலாக இருக்காது.
அங்கே இப்போது சூரியன் எட்டிப்பார்க்கவே பத்து மணி ஆகும்.
வரைபடத்தைத் தேடி எடுத்தேன்.
சென்சார் வடக்குச் சுவரில்;
நேர் கீழே
ஒரு படுக்கையறை ஜன்னல்.

யாரோ திறக்கிறார்கள்.
மைனஸ் இருபத்து மூன்றில்.
சிகரெட்டா, புழுக்கமா,
தூக்கம் வராதவர்களுக்கு இருக்கும் வேறு எதாவதா.
அந்த அறையின் சூடு சுவரேறிப் போய்
சென்சாரின் காதில் ஓதுகிறது, குளிர் போயாச்சு என்று.
நாற்பது வீடு நடுங்குகிறது.

நான் சாய்வைக் கூட்டிய நாளிலிருந்து
மைனஸ் ஆறு, பிளஸ் நான்கு ஆகியிருந்தது.
அதை இரண்டு முறை பார்த்தேன்.
நான் அனுப்பிய சூட்டில் அந்த அறை வெந்திருக்கிறது.
ஜன்னல் இன்னும் அகலத் திறந்திருக்கிறது.

ஒன்று புள்ளி இரண்டுக்கே இறக்கினேன்.
பணிச்சீட்டு எழுதினேன்:
சென்சாரை இரண்டு மீட்டர் கிழக்கே நகர்த்தவும்.
காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.
'ஜன்னல்' என்று போட்டேன்.
வீட்டு எண் போடவில்லை.

ஆறு மணிக்குக் கீழே வந்தால்
செக்யூரிட்டி கோதண்டம் மங்கி குல்லாவில்,
கழுத்தில் மஃப்ளர்.
"இன்னா மேடம் இப்டிக் குளுருது!"
போனில் பார்த்தேன், இருபத்து மூன்று.
அதே இருபத்து மூன்றுதான்,
முன்னால் அந்தச் சின்னக் கோடு மட்டும் இல்லை.
ஆமாண்ணே என்றேன். நிஜமாகவே சொன்னேன்.
அவருக்கும் ஒரு கோடு இருக்கிறது:
இருபத்தைந்தில் மஃப்ளர், இருபத்து மூன்றில் குல்லா,
அதற்கும் கீழே போனால் இரண்டு டீ.

கேபில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது.
என் பக்கம் இரண்டு விரல் அளவுக்கு இறக்கினேன்.
சதுப்பு நிலத்து ஈரமும்
குப்பை எரிந்த வாடையும் உள்ளே வந்தன.
பின் சீட்டில் யாரோ "மூடுங்களேன்" என்றார்கள்.
மூடினேன்,
உடனே அல்ல.